'மெமரீஸ் ஆஃப் மர்டர்': பார்த்தவர்களும் பார்க்கப்போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ 2003இல் எடுத்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்கு. முடிவைப் பேசத் தொடங்கும் இடத்தில் எச்சரித்துவிடுகிறேன். அதற்கு மேல் படிப்பது உங்கள் பாடு.

கதை என்ன?

ஆண்டு 1986. தென்கொரியாவின் கியோங்கி மாகாணத்தில் ஒரு கிராமப்புறம். நெல் விளைந்து நிற்கும் வயலோரக் கால்வாயில், கைகள் கட்டப்பட்ட நிலையில் ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அடுத்து இன்னொரு பெண். உள்ளூர்த் துப்பறியும் அதிகாரி பார்க் டூ-மானுக்கு ஆளின் கண்ணைப் பார்த்தாலே குற்றவாளியா இல்லையா என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. அவருடைய கூட்டாளி சோ யோங்-கூவுக்குத் தெரிந்த ஒரே விசாரணை முறை உதைப்பது. தலைநகர் சோலிலிருந்து தானாகவே கேட்டு வந்து சேருகிறார் சியோ டே-யூன். அவருக்குக் காகிதம்தான் வேதம், ஆவணம் பொய் சொல்லாது என்பார். மழை பெய்யும் இரவுகளில் கொலைகள் தொடர்கின்றன. இந்த மூவரும் ஓடிக் களைப்பதுதான் கதை.

பார்க் வேடத்தில் சொங் காங்-ஹோ, சோல் அதிகாரியாகக் கிம் சாங்-கியூங். கிம் குவாங்-ரிம் எழுதி 1996இல் மேடையேறிய நாடகத்திலிருந்து பிறந்த திரைக்கதை இது. நாடகத்துக்கும் படத்துக்கும் மூலம் ஒன்றுதான்: ஹ்வாசோங் வட்டாரத்தில் உண்மையில் நடந்த தொடர் கொலைகள்.

கொலைகாரன் யார் என்று சொல்லாமலே படம் முடிகிறதாமே? பிறகு ஏன் பார்க்க வேண்டும்?

ஆம், சொல்லாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது, ஏமாற்றம் இருக்காது. படம் வெளியானபோது கொரியாவில் டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் இந்த வழக்கு தீரவில்லை என்பது தெரியும். தெரிந்தே ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். யார் கொன்றான் என்ற கேள்வியைப் படம் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது உண்மையில் கேட்பது வேறு: ஏன் பிடிக்க முடியவில்லை? அதற்குப் படத்தில் மிகத் தெளிவான பதில் இருக்கிறது.

முதல் அரைமணி நேரம் நகைச்சுவைப் படம்போல் இருக்கிறதே?

அப்படித்தான் இருக்கும். இரண்டாவது உடல் கிடைக்கும் காட்சியைக் கவனியுங்கள். வெட்டாமல் நீளும் ஒரே ஷாட். பார்க் வயலுக்கும் வரப்புக்குமாக அலைகிறார். சிறுவர்கள் ஓடித் திரிகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் நினைத்த இடத்தில் மிதிக்கிறார்கள். மேலதிகாரி வரப்பிலிருந்து சறுக்கி விழுகிறார். மண்ணில் ஒரு காலடித் தடம் பதிந்திருக்கிறது, இருப்பதிலேயே உருப்படியான ஒரே தடயம். யாரும் தொடாதீர்கள் என்று பார்க் கத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு டிராக்டர் வந்து அதன்மேல் ஏறிப் போய்விடுகிறது.

சிரிப்பு வரும். அந்தத் தடம் இருந்திருந்தால் அடுத்த பெண் பிழைத்திருப்பாளோ என்ற எண்ணம் படத்தின் பின்பாதியில்தான் உறைக்கும். போங் ஜூன்-ஹோ சிரிப்பை முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு வட்டியோடு வசூலிக்கிறவர்.

கொலையாளி ஒரு முடியைக்கூட விட்டுப்போகவில்லை, எனவே அவனுக்கு உடம்பில் முடியே இருக்காது என்று முடிவுகட்டிப் பொதுக் குளியலறையில் போய் உட்கார்ந்து ஆண்களை நோட்டம் விடுகிறார் பார்க். மந்திரவாதியம்மாளிடமும் போகிறார். இவையெல்லாம் வெறும் கேலி அல்ல. தடயவியல் வசதி இல்லாத ஒரு காவல் நிலையம், மேலிடத்தின் நெருக்கடியில், கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொள்வதன் சித்திரம்.

அக்காலக் கொரிய அரசியல் தெரியாமல் படம் புரியுமா?

கதை புரியும். ஆனால் பின்னணியில் ஓடும் சில காட்சிகள் பொருளில்லாமல் கடந்துபோய்விடும், அதனால் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

அப்போது நாட்டை ஆண்டவர் சுன் டூ-ஹ்வான், ராணுவப் புரட்சியில் அதிகாரத்தைக் கைப்பற்றியவர். 1988 தொடக்கம்வரை அவர் ஆட்சிதான். காவல்துறையின் முதல் வேலை ஆட்சிக்கு எதிரானவர்களை அடக்குவது. 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சொல் என்ற பல்கலைக்கழக மாணவர் விசாரணையில் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார். மேசையை ஓங்கித் தட்டியதும் அதிர்ச்சியில் செத்துவிட்டான் என்று காவல்துறை விளக்கம் கொடுத்தது. அந்த ஆண்டு ஜூனில் தெருவெல்லாம் மக்கள் திரண்டார்கள், ஆட்சி பணிந்து நேரடி அதிபர் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டது.

இதைப் படம் மேடைப்பேச்சாகச் சொல்லாது. ஓர் இரவு கொலை நடக்கப்போகிறது என்று ஊகித்து அதிகாரிகள் கூடுதல் படை கேட்கிறார்கள். ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டார்கள், ஒருவரும் இல்லை என்று பதில் வருகிறது. இன்னொரு காட்சியில் போர் ஒத்திகைக்காக ஊரே விளக்கை அணைக்கிறது. கடைகள் கதவை இறக்குகின்றன. எதிரி வடக்கிலிருந்து வருவான் என்று ஊருக்கு இருட்டடிப்புப் பழக்கியிருக்கிறார்கள். அந்த இருட்டு கொலையாளிக்குத்தான் உதவுகிறது.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா?

குழந்தைகளோடு வேண்டாம். பாலியல் வன்கொடுமையும் உடற்கூறாய்வுக் காட்சிகளும் உண்டு. ரத்தத்தை இறைக்கும் படம் அல்ல, ஆனால் மனத்தில் தங்கும். நீளம் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

எச்சரிக்கை: இதற்குக் கீழே முடிவு பேசப்படுகிறது.

காவல் நிலையத்தில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து எழுதும் காட்சியில் யார் குற்றவாளி?

மேலதிகாரி பார்க்கைச் சோதிக்கும் இடம் அது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவன் பாலியல் குற்றவாளி, மற்றவன் பாதிக்கப்பட்ட பெண்ணின் சகோதரன். கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாய் என்கிறாயே, சொல் பார்க்கலாம் என்கிறார். கேமரா இருவர் முகத்தையும் காட்டுகிறது. பார்க் யோசிக்கிறார். காட்சி முடிந்துவிடுகிறது.

பதில் கடைசிவரை வராது. நீங்களும் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுதான் என்பேன். சுரங்கப்பாதைக் காட்சியைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள், ஆனால் அதற்கான திறவுகோல் இங்கே கொடுக்கப்பட்டுவிடுகிறது.

அத்தனை நிதானமான சோல் அதிகாரி கடைசியில் ஏன் துப்பாக்கியைத் தூக்குகிறார்?

அவரும் பார்க்கும் இடம் மாறிக்கொள்வதுதான் படத்தின் முதுகெலும்பு. முதல் சந்தேக நபர் பேக் குவாங்-ஹோ, மனவளர்ச்சி குன்றிய இளைஞன். பார்க்கும் சோவும் அவனை அடித்து, எப்படிக் கொன்றாய் என்று சொல்லிக்கொடுத்தே வாக்குமூலம் வாங்குகிறார்கள். தீக்காயத்தில் ஒட்டிப்போன அவன் விரல்களைச் சுட்டிக்காட்டி, இந்தக் கையால் அந்த முடிச்சைப் போட முடியாது என்று சொல்லி அவனைக் காப்பாற்றுகிறவர் சோல் அதிகாரிதான்.

அதே மனிதருக்குப் பள்ளிச் சிறுமி ஒருத்தி அறிமுகமாகிறாள். அவளுடைய முதுகுக் காயத்துக்கு அவரே ஒட்டுப் பட்டை போட்டுவிடுகிறார். பிறகு மழையில் கிடக்கும் ஓர் உடலில் அந்தப் பட்டையைப் பார்க்கிறார். அதற்கு மேல் அவருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. மூன்றாவது சந்தேக நபர் பார்க் ஹியோன்-கியூவை ரயில் சுரங்கப்பாதை வாசலில் போட்டு அடிக்கிறார். அமெரிக்காவுக்கு அனுப்பிய டி.என்.ஏ. சோதனையின் முடிவை அப்போதுதான் பார்க் கொண்டுவருகிறார். பொருந்தவில்லை. ஆவணம் பொய் சொல்லாது என்றவர், இந்த ஆவணம் பொய் என்று கத்துகிறார்.

தடுப்பது யார்? கண்ணைப் பார்த்தால் போதும் என்றவர். அவர் அந்த இளைஞனின் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கண்ணை உற்றுப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, எனக்குத் தெரியவில்லை என்கிறார்.

அந்த இடத்தில் திடீரென்று சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறாரே, ஏன்?

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்ற பொருளில் பார்க் கேட்கும் அந்த வரி சொங் காங்-ஹோ தானாகச் சேர்த்தது. கோபம், தோல்வி, அருவருப்பு, இவனும் மனிதன்தானோ என்ற குழப்பம், எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த இளைஞன் உண்மையில் குற்றவாளியா என்பதைப் படம் கடைசிவரை திறந்தே வைக்கிறது. நடிகர் பார்க் ஹே-இல் அந்த வேடத்தில் காட்டும் அமைதிக்கு எந்தப் பொருளையும் நாம் ஏற்றிக்கொள்ளலாம். அவன் கொலைகாரனாக இருக்கவேண்டும் என்று நாம் விரும்புகிறோம் என்பது மட்டும் நிச்சயம்.

கடைசிக் காட்சியில் பார்க் கேமராவை ஏன் பார்க்கிறார்?

2003. பார்க் காவல்துறையை விட்டுவிட்டுச் சாறு பிழியும் இயந்திரம் விற்கிறார். வழியில் பழைய கால்வாயைக் கண்டு இறங்கிக் குனிந்து பார்க்கிறார். அந்த வழியாக வரும் சிறுமி, கொஞ்ச நாளைக்கு முன் இன்னொருவரும் இப்படித்தான் பார்த்தார், முன்பு இங்கே தான் செய்த ஒன்று நினைவுக்கு வந்ததாகச் சொன்னார் என்கிறாள். முகம் எப்படி இருந்தது? சாதாரணமாக. பார்க் நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறார்.

கொலைகாரன் இந்தப் படத்தைப் பார்க்கத் திரையரங்குக்கு வருவான், அப்போது அவன் கண்ணும் துப்பறிவாளரின் கண்ணும் சந்திக்கட்டும் என்றுதான் அப்படி எடுத்ததாக இயக்குநர் பிற்பாடு சொன்னார்.

சரி, உண்மையில் நடந்தது என்ன?

1986 செப்டம்பர் முதல் 1991 ஏப்ரல்வரை ஹ்வாசோங் வட்டாரத்தில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். பதின்வயதுப் பள்ளி மாணவியும் உண்டு, எழுபதைக் கடந்த மூதாட்டியும் உண்டு. பெரும்பாலானவர்கள் தங்கள் உடையாலேயே கட்டப்பட்டு அல்லது நெரிக்கப்பட்டுக் கிடந்தார்கள். கொரியா அதுவரை கண்டிராத அளவில் விசாரணை நடந்தது. காவலர்கள் உழைத்த நாட்களைக் கூட்டினால் 20 லட்சத்தைத் தாண்டும், விசாரிக்கப்பட்டவர்கள் 21,000க்கும் மேல், எடுத்த கைரேகைகள் 40,000 என்பது அங்கே அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. விசாரணைக்கு இழுக்கப்பட்டவர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள்.

கொலை வழக்குத் தொடர அப்போது 15 ஆண்டுக் காலவரம்பு இருந்தது. கடைசிக் கொலைக்கான வரம்பு 2006 ஏப்ரலில் முடிந்தது. 2007இல் அதை 25 ஆண்டாக நீட்டினார்கள், 2015இல் கொலைக்கு வரம்பே இல்லை என்று சட்டம் மாறியது. எதுவும் ஹ்வாசோங் வழக்குக்கு உதவவில்லை, அது ஏற்கெனவே காலாவதியாகிவிட்டது.

கொலைகாரன் கடைசியில் அகப்பட்டானா?

ஆம், படம் வெளிவந்து 16 ஆண்டுகள் கழித்து. 2019 செப்டம்பரில் காவல்துறை அறிவித்தது. பாதுகாத்து வைத்திருந்த பழைய தடயப் பொருட்களை மறுபடி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினார்கள். கைதிகளின் டி.என்.ஏ. பதிவேட்டில் இருந்த ஒரு பெயரோடு பொருந்தியது. லீ சுன்-ஜே. 1994 ஜனவரியில் சோங்ஜு நகரில் தன் மனைவியின் தங்கையைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்றவன். பூசான் சிறையில் இருந்தான்.

முதலில் மறுத்தான், பிறகு ஒப்புக்கொண்டான். ஹ்வாசோங் வழக்கின் பத்து, அவை தவிர வேறு நான்கு, மொத்தம் 14 கொலைகள். அவற்றோடு பல பாலியல் வன்கொடுமைகள். காலவரம்பு கடந்துவிட்டதால் இவற்றில் ஒன்றுக்குக்கூட அவனை நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிறுத்த முடியவில்லை. 2020 ஜூலையில் விசாரணையை முடித்துக் காவல்துறை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

இத்தனை பேரை விசாரித்தும் அவனை எப்படி விட்டார்கள்?

விசாரிக்கவே இல்லை என்றால்கூடப் பொறுக்கலாம். அவன் அந்த வட்டாரத்துக்காரன், 1986 தொடக்கத்தில் ராணுவச் சேவை முடித்து ஊர் திரும்பியவன். அக்காலத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழைத்து விசாரித்திருக்கிறார்கள். கொலையாளியின் ரத்தம் பி வகை என்று முடிவுகட்டியிருந்தார்கள், இவனுக்கு ஓ வகை. காலடித் தடமும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். போகச் சொல்லிவிட்டார்கள்.

பி வகை என்ற தவறான ஊகத்தை வைத்து ஆயிரக்கணக்கானோரைச் சலித்தார்கள், அந்தச் சல்லடையே உண்மையான ஆளைக் கீழே விட்டுவிட்டது. சம்பவ இடத்தில் சேகரித்த மாதிரிகள் கலந்திருக்கலாம், கெட்டிருக்கலாம் என்ற சந்தேகம் யாருக்கும் எழவில்லை. டிராக்டர் ஏறிப்போன காலடித் தடத்தை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அவன் இந்தப் படத்தைப் பார்த்தானா?

பார்த்தான், சிறையில். 2020 நவம்பரில் சுவோன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தபோது கேட்டார்கள். வெறும் படமாகத்தான் பார்த்தேன், தனியாக ஒன்றும் தோன்றவில்லை என்ற பொருளில் பதில் சொன்னான். இத்தனை நாள் தான் பிடிபடாமல் இருந்தது தனக்கே வியப்பு என்பதும் அவன் சொன்னதுதான்.

திரையரங்கில் இயக்குநர் காத்திருந்த ஆள் 1994லிருந்தே கம்பிக்குப் பின்னால் இருந்தான். அந்தப் பார்வை அவனை ஒன்றும் செய்யவில்லை.

அவன் எதற்காக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னான்?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பத்துக் கொலைகளில் எட்டாவது 1988 செப்டம்பரில் நடந்தது. 13 வயதுச் சிறுமி தன் வீட்டிலேயே கொல்லப்பட்டாள். அடுத்த ஆண்டு ஜூலையில், விவசாய இயந்திரங்கள் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்த 22 வயது இளைஞர் கைதானார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் ஊனம். தூங்கவிடாமல், அடித்து வாக்குமூலம் வாங்கப்பட்டது. சம்பவ இடத்தில் கிடைத்த முடியும் இவருடைய முடியும் ஒன்று என்று ஒரு தடயவியல் அறிக்கை வந்தது. சுவரேறி உள்ளே குதித்ததாகக் குற்றச்சாட்டு. நடக்கவே சிரமப்படுகிறவர் எப்படிச் சுவரேறினார் என்ற கேள்வியை நீதிமன்றம் பொருட்படுத்தவில்லை. ஆயுள் தண்டனை. இது மற்றவற்றைப் பார்த்து வேறொருவன் செய்த தனிக் கொலை, தீர்ந்த வழக்கு என்று கோப்பை மூடினார்கள்.

சுமார் 20 ஆண்டுகள் சிறையில் இருந்து 2009இல் நன்னடத்தையின் பேரில் வெளியே வந்தார். 2019இல் லீ சுன்-ஜே, எட்டாவதையும் நான்தான் செய்தேன் என்றான். மறுவிசாரணைக்கு அவரே மனுப்போட்டார், உண்மைக் கொலையாளி வந்து சாட்சி சொன்னான். முடி பற்றிய அறிக்கை நம்பத் தகாதது என்று தள்ளப்பட்டது. 2020 டிசம்பர் 17 அன்று குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல்.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2003இல் கொரியத் திரையரங்குகளில் கூட்டம் பேக் குவாங்-ஹோவுக்காக இரங்கிக்கொண்டிருந்தது. உடற்குறை உள்ள ஓர் அப்பாவி, செய்ய முடியாத ஒன்றைச் செய்ததாக அடித்து ஒப்புக்கொள்ள வைக்கப்படுகிறான். அதே நேரத்தில் அதே வழக்கில், உடற்குறை உள்ள ஓர் அப்பாவி நிஜமாகவே சிறையில் 14 ஆண்டுகளைக் கழித்திருந்தார். கொலைகாரனும் வேறொரு சிறையில் இருந்தான். வெளியே இருந்த ஐம்பது லட்சம் பேரில் எவருக்கும் இது தெரியாது.

டி.என்.ஏ. அறிக்கை உண்மையிலும் அமெரிக்காவிலிருந்துதான் வந்ததா?

இல்லை, ஜப்பானிலிருந்து. 1990இல் நடந்த ஒன்பதாவது கொலையில் 19 வயது இளைஞர் ஒருவரிடம் வாக்குமூலம் வாங்கியிருந்தார்கள். ஜப்பானுக்கு அனுப்பிய மாதிரி அவரோடு பொருந்தவில்லை, கொலைக் குற்றச்சாட்டிலிருந்து தப்பினார். சுரங்கப்பாதைக் காட்சியில் நாம் வெறுத்த அந்தக் காகிதம், நிஜத்தில் ஓர் அப்பாவியின் உயிரைக் காத்த காகிதம். 2019இல் அவர் நிரபராதி என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதிப்பட்டது.

அப்படியென்றால் சித்திரவதைக் காட்சிகளில் சிரிக்க வைத்தது தவறில்லையா?

இதை என்னிடம் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். நியாயமான கேள்விதான்.

சோ யோங்-கூ உதைப்பதற்கு முன் தன் பூட்ஸுக்குத் துணியுறை மாட்டுவான், உடம்பில் தடம் விழக்கூடாதே. அடித்த கையோடு எல்லோரும் உட்கார்ந்து கருப்பு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர் பார்ப்பார்கள். அடிவாங்கிய பேக் குவாங்-ஹோவும் கூட உட்கார்ந்து சாப்பிடுவான். பார்க் அவனுக்குப் புதுக் காலணி வாங்கித் தருவார், நைக்கி அல்ல, அதைப் போலவே செய்த 'நைஸ்'. 2003இல் இந்த இடங்களில் அரங்கம் சிரித்தது.

என் கருத்து: அந்தச் சிரிப்பு படத்தின் குறை அல்ல, கணக்குப்போட்டு வைத்தது. கொடுமை செய்கிறவர்கள் கொம்பு முளைத்த அரக்கர்களாக இருந்தால் நமக்குச் சுலபம். இவர்கள் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள், செருப்பு வாங்கித் தருகிறவர்கள், மேலதிகாரிக்குப் பயப்படுகிறவர்கள். ஆனால் ஒரு இடத்தில் படத்தை நான் முழுக்க ஏற்கவில்லை. சோவுக்குப் படம் தண்டனை கொடுத்துவிடுகிறது. துருப்பிடித்த ஆணி பட்டுக் காலை இழக்கிறான், அந்தக் காலால்தான் உதைத்தான். கதைக்குப் பொருத்தம். நிஜத்தில் எட்டாவது வழக்கில் அடித்தவர்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. காலவரம்பு கொலைகாரனை மட்டுமல்ல, அவர்களையும் காப்பாற்றியது.

இன்னொன்றும் உண்டு. 1989இல் அதே வட்டாரத்தில் பள்ளிக்குப் போன ஒரு சிறுமி காணாமற்போனாள். அவளையும் கொன்றதாக லீ சுன்-ஜே ஒப்புக்கொண்டான். அப்போதே அவளுடைய எச்சங்கள் கிடைத்தும் காவல்துறையினர் சிலர் மறைத்துவிட்டதாகப் பின்னாளைய விசாரணை சொன்னது. குடும்பம் முப்பது ஆண்டுகள் அவள் எங்கேயோ உயிரோடு இருப்பாள் என்று காத்திருந்தது. இதைத் திரைக்கதையில் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

மழை, சிவப்பு உடை, வானொலிப் பாட்டு எல்லாம் உண்மையா?

பாட்டு நிஜம், கொலைகளோடு அதற்குள்ள தொடர்பு கற்பனை. மழையிரவில் யாரோ ஒருவர் வானொலிக்கு எழுதிக் கேட்பதாக வரும் அந்தப் பாடலைப் பாடியவர் யூ ஜே-ஹா. 1987இல் ஒரே ஓர் ஆல்பம் வெளியிட்டுவிட்டு, அதே ஆண்டு 25 வயதில் கார் விபத்தில் இறந்தவர். பாட்டுக்கும் கொலைக்கும் உள்ள தொடர்பை முதலில் கண்டுபிடிப்பவர் நிலையத்தில் தேநீர் கொடுக்க வைக்கப்பட்டிருக்கும் பெண் காவலர் என்பதைக் கவனித்தீர்களா?

சிவப்பு உடையும் மழையும் அக்காலத்தில் மக்களிடையே பரவிய பேச்சு. சில சம்பவங்களுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல.

ஹ்வாசோங் மக்கள் இந்தப் படத்தை எப்படிப் பார்க்கிறார்கள்?

ஊர்ப்பெயரே கொலைக்கு மறுபெயர் ஆகிவிட்டதில் அவர்களுக்கு நெடுநாள் வருத்தம். கார் தொழிற்சாலைகளும் புதிய குடியிருப்புகளுமாக இன்று அது வளர்ந்த நகரம், படத்தில் வரும் கிராமத்தைத் தேடிப் போனால் கிடைக்காது. பெயரை மாற்றச் சொல்லி எழுந்த கோரிக்கையை ஏற்று, 2019 டிசம்பரில் வழக்கின் அதிகாரப்பூர்வப் பெயரை 'லீ சுன்-ஜே தொடர் கொலை வழக்கு' என்று காவல்துறை மாற்றியது.

விடை தெரிந்த பிறகு படத்தின் சுவை குறைந்துவிட்டதா?

மர்மத்தை மட்டுமே நம்பிய படமாக இருந்தால் குறைந்திருக்கும். எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. முன்பு பார்த்தபோது கொலைகாரன் மகா புத்திசாலி, இவர்கள் கையாலாகாதவர்கள் என்று தோன்ற இடமிருந்தது. இப்போது தெரிகிறது, அவன் ஒன்றும் மேதை அல்ல. கூப்பிட்டால் வந்து உட்கார்ந்தான், போகச் சொன்னால் போனான். வாக்குமூலம் தயாரிக்கத் தெரிந்த ஒரு துறைக்கு அவனை அடையாளம் காணத் தெரியவில்லை. 'சாதாரண முகம்' என்று அந்தச் சிறுமி சொல்வது 2003இல் இயக்குநரின் ஊகம். 2019இல் செய்தித்தாள்கள் வெளியிட்ட பழைய பள்ளிப் புகைப்படத்தில் இருந்தது அப்படி ஒரு முகம்தான்.

படம் பிடித்திருந்தது. அடுத்து என்ன பார்க்கலாம்?

இதே இயக்குநரின் 'மதர்', 2009. மனவளர்ச்சி குன்றிய மகன்மேல் காவல்துறை கொலைப்பழி போட, தாய் தானே துப்பறியக் கிளம்புகிறாள். பேக் குவாங்-ஹோவின் கதையை வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். நா ஹோங்-ஜின் இயக்கிய 'தி சேசர்', 2008, முற்றிலும் வேறு வகை. அதில் கொலைகாரன் ஆரம்பத்திலேயே அகப்பட்டு, கொன்றேன் என்று ஒப்பும் கொள்கிறான். ஆதாரம் இல்லை, நேரமும் ஓடுகிறது. தொடர் பார்க்கும் பொறுமை உண்டென்றால் 2016இல் வந்த 'சிக்னல்', ஹ்வாசோங் வழக்கை மாதிரியாகக் கொண்ட பகுதி அதில் உண்டு. 'பாரசைட்' நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சொங் காங்-ஹோ 16 வயது கூடி வருவதைப் பார்க்கலாம்.